ஜூரி கடிதம் வந்தால்: கிராண்ட் ஜூரியில் நீதிபதி என்ன சொல்வார்?

அமெரிக்கா வந்து லைசென்ஸ் எடுத்த கொஞ்ச நாளில் சிலருக்குக் கோர்ட்டிலிருந்து ஜூரி கடிதம், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார அழைப்பு, வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். பல இடங்களில் வாக்காளர் பட்டியலோடு லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஹெச்1பி, கிரீன் கார்டுக்காரர்கள் ஜூரியில் உட்கார முடியாது. அதற்காகக் கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். குடிமகன் இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள். அவசரத்தில் 'ஆம்' என்று டிக் அடித்தால் பின்னால் குடியேற்ற விஷயத்தில் பெரிய தலைவலி. ஜூரிக்கு வராததற்கு அபராதம் கட்டு என்று யாராவது போனில் மிரட்டினால் அது மோசடி, வைத்துவிடுங்கள்.

சரி, குடியுரிமை வாங்கியாகிவிட்டது என்றால் கடிதத்தில் 'கிராண்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிராண்ட் ஜூரி என்பது ஒருவர் மேல் குற்றம் சாட்டலாமா என்று மட்டும் முடிவு செய்யும் குழு. ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட்டின் கிராண்ட் ஜூரி 18 மாதம்கூட நீளும். தினமும் போக வேண்டியதில்லை. போகிற நாளுக்கு 50 டாலர் தருவார்கள். இதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பது சட்டம்.

நான் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். உறுதிமொழி முடிந்ததும் நீதிபதி நிதானமாக விளக்கினார். ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பு சொல்ல நீங்கள் வரவில்லை. வழக்குத் தொடரப் போதுமான முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 16 முதல் 23 பேர் உட்காரலாம், 12 பேர் சம்மதித்தால்தான் குற்றச்சாட்டு. என்ன தண்டனை கிடைக்கும் என்று யோசிக்காதீர்கள். நீங்கள் அரசு வழக்கறிஞரின் ஆட்கள் இல்லை. உள்ளே நடப்பதை வீட்டிலும் பேசாதீர்கள்.

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்! சினிமா கோர்ட்டை மனதில் வைத்துப் போன எனக்கு அதுதான் அதிர்ச்சி. அறையில் நாங்கள், அரசு வழக்கறிஞர், சாட்சி, பதிவு செய்பவர். எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது. சாட்சியின் வக்கீலே வெளியில்தான் காத்திருப்பார். கேள்வி கேட்க நமக்கும் உரிமை உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

முகாந்திரம் இருந்தால் குற்றம் சாட்ட 'வேண்டும்' என்று நீதிபதி சொல்வது ஜூரியின் கையைக் கட்டுகிறதா என்று ஒரு வழக்கே நடந்தது. 2005-ல் ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் (மேற்கு மாநிலங்களுக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட்) அந்த அறிவுரை செல்லும் என்றது, அதுவும் நீதிபதிகள் 6-க்கு 5 என்ற கணக்கில். எனக்கு மறுத்த அந்த ஐந்து பேர் பக்கம்தான் மனசு.

அப்புறம், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். அந்த அறையில் ஏசி குளிர் தாங்கவில்லை.