எழுத வருகிற வன்னிப் பிள்ளைகளும் அவர்களை வாசிக்கிறவர்களும் விடுகிற தவறுகள்

"வேலையெல்லாம் முடியட்டும், ஆறுதலா இருந்து எழுதுவம்." கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எழுத ஆசைப்படுகிற பலரை இந்த ஒரு வசனமே நிறுத்திவிடுகிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. பிறகு களை, பசளை, பன்றிக் காவல். மாசியில் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை. குளத்தில் தண்ணி இருந்தால் சித்திரை கழியச் சிறுபோகம். இதற்குள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ரியூசன். ஆறுதலான நாள் என்று ஒன்று இங்கே வரப்போவதில்லை. அதனால் பத்து நிமிடத்துக்குள் எழுதப் பழகுங்கள். ஒரு 80 பக்கக் கொப்பி போதும். நாளுக்கு ஐந்து வரி, அன்று கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும். சொல்ல வந்ததில் கொஞ்சத்தை மிச்சம் விட்டு நிறுத்துங்கள்; மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிராது.

அடுத்தது பெரிய சொற்களின் மயக்கம். "இயற்கை அன்னையின் எழில் கொஞ்சும் இரணைமடு" என்று எழுதுகிறோம். இரணைமடுக் குளத்தை எடுத்துவிட்டு முத்தையன்கட்டுக் குளம் என்று போட்டாலும் அந்த வசனத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்படியென்றால் அதில் இரணைமடு இல்லை. வான்கதவு திறந்த நாளில் அங்கே போய் நின்று பாருங்கள். பெடியன் ஒருவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீச்சுவலையை உதறுகிறான். வலைக்குள் நாலைந்து திலாப்பியா, ஒரு விரால், மிச்சமெல்லாம் சல்லு. மேலே தாய் குடையை மடக்கி அவனை நோக்கி நீட்டியபடி, "தம்பி, கரையில நில்லடா" என்று கத்துகிறா. தண்ணீர் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. இதை எழுதினால் எழில் தானாக வந்து சேரும்.

பெரிய நிகழ்வுகளுக்கும் இதுதான் வழி. 2018 மார்கழி வெள்ளத்தை எழுதப் போகிறவர் இரண்டு மாவட்டங்களையும் ஒரே பக்கத்தில் மூழ்கடிக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுச் சுவரில் தண்ணி ஏறி நின்ற கறையில் தொடங்கலாம். நெல்மூட்டையை எதன்மேல் தூக்கி வைத்தார்கள்? கட்டையில் நின்ற மாட்டை யார் அவிழ்த்துவிட்டது?

போரைப் பற்றி இரண்டு தவறுகள் உண்டு. வன்னி என்றால் போரைத்தான் எழுதவேண்டும் என்று நினைப்பது ஒன்று. பாலைப்பழக் காலத்துக் காடும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்துபோகிற இரவும் எழுதத் தகுந்தவைதான், அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். மற்றது, எனக்கு இதுதான் கூடுதலாக வலிக்கிறது, மற்றவரின் துயரைக் கேட்காமல் எடுத்து எழுதுவது. 2017 மாசியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அந்தத் தாய்மாரைப் பற்றிக் கவிதை எழுத விரும்பினால் முதலில் ஒருவரோடாவது பக்கத்தில் இருந்து கதையுங்கள். எடுத்த எடுப்பில் "சண்டையப் பற்றிச் சொல்லுங்கோ அம்மா" என்று கேட்காதீர்கள். மகனுக்கு என்ன சாப்பாடு விருப்பம் என்று கேளுங்கள். அவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் நிரப்பவும் வேண்டாம். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இனி, எழுதுகிறவரைச் சுற்றி இருக்கிற எங்களுக்கு. ஒரு பிள்ளை முதன்முதலாக எழுதியதைக் கொண்டுவந்து நீட்டுகிறது. ஆசிரியரோ மாமாவோ சிவப்புப் பேனையை எடுத்து றகர ரகரப் பிழைகளைச் சுழித்துக் கொடுக்கிறார். பிள்ளை அடுத்த முறை கொண்டுவராது. எழுத்துப்பிழை திருத்தத்தான் வேண்டும், ஆனால் அதை இரண்டாம் நாள் செய்யலாம். "சூப்பர், தொடர்ந்து எழுதுங்கோ" என்பதும் உதவாது, அதில் பிள்ளைக்கு எடுத்துக்கொண்டு போக ஒன்றுமில்லை. ஒரு வரியைத் தொட்டுக் காட்டுங்கள்: "இந்தக் குடை எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது. பிறகு அம்மா என்ன செய்தவ?" அந்தக் கேள்விக்குப் பதில் எழுதவே பிள்ளை மறுபடி கொப்பியைத் திறக்கும்.

தமிழ்த்தினப் போட்டியில் வலய மட்டத்தோடு நின்றுவிட்ட பிள்ளைகள் பலர் அதோடு எழுத்தையும் விட்டுவிடுகிறார்கள். கொடுத்த தலைப்பில், கொடுத்த நேரத்துக்குள் எழுதுவது ஒரு தனிப் பயிற்சி. அதில் இடம் கிடைக்காததை வைத்து அந்தப் பிள்ளைக்கு எழுத வராது என்று தீர்க்க முடியாது. முடிவு வந்த அந்தக் கிழமையே பிள்ளையிடம், "போட்டிக்கு இல்லாமல் எனக்கு ஒன்று எழுதித் தாறியா?" என்று யாராவது கேட்கவேண்டும்.

வாசிக்கப் புத்தகம் இல்லை என்றும் இருந்துவிடாதீர்கள். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் கைபேசியிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

கடைசியாக, எழுதியதை ஒரே இடத்தில் வைத்திருப்பது. 2009 வரை நடந்த இடப்பெயர்வுகளில் எத்தனையோ கொப்பிகள் வழியிலேயே போய்விட்டன. இப்போது கைபேசி விழுந்து உடைந்தாலே போதும். பக்கம் நிரம்பியதும் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள், வெளியூரில் இருக்கிற ஒரு சொந்தத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திகதியும் ஊரும் இருக்கட்டும்.