ல, ள, ழ: வயலிலிருந்து தொடங்குங்கள்

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், கட்டுரை நோட்டில் கண்ணில் பட்ட பிழை எல்லாவற்றையும் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன். பிள்ளைகள் எழுதுவதே பாதியாகக் குறைந்துபோனது. சந்தேகமான சொல்லைத் தொடவே பயந்தார்கள். அது என் தவறு என்று புரிய சில வருடங்கள் ஆயின. இப்போது ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழைதான். இந்த வாரம் ல, ள, ழ என்றால் அதை மட்டும் திருத்துகிறேன். சந்திப்பிழை அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும்.

சொற்களைப் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலிருந்தே எடுங்கள். களை பறிப்பது டெல்டா பிள்ளைகளுக்குத் தெரியும். ‘கலை பறித்தார்கள்’ என்று எழுதிக்காட்டினால் அவர்களே திருத்துவார்கள். குறுவை நெல்லை அறுத்த தாள் நின்ற வயலில் நடுவதால் அடுத்த போக நெல்லுக்குத் தாளடி என்று பெயர். இதை ஒருமுறை கேட்ட பிள்ளை ‘தாலடி’ என்று எழுதாது. உழவு, உளவு, வாழை இலை, வாளை மீன் என்று இணை இணையாகச் சொல்லுங்கள்.

அப்புறம் நாக்கு. ‘ல’வுக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும். ‘ள’வுக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். ‘ழ’வுக்கு வளையும், ஆனால் தொடாது. எழுதுவதற்கு முன் அரசலாறு, கொள்ளிடம், சோழன்மாளிகை என்று எங்கள் பக்கத்து ஆறு, ஊர்ப் பெயர்களைச் சத்தமாக இரண்டு நிமிடம் சொல்ல வையுங்கள். கடைசிச் சொல்லில் ழ, ள இரண்டுமே வருவதால் அங்கேதான் நாக்கு தடுமாறும். அதை மெதுவாகச் சொல்லட்டும்.