முதல் சிறுகதையைப் பாதியில் விடாமல் எழுதி முடிக்க

முதல் பக்கத்தையே பத்து முறை திருத்திக்கொண்டிருந்தால் இரண்டாம் பக்கம் வராது. எழுதுவதும் திருத்துவதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் வேறு வேறு நாட்களில் செய்யுங்கள்.

1. முதல் வாரம் கதை எழுத வேண்டாம். சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்றில், அன்று கண்டதையோ கேட்டதையோ தினம் ஒரு வரி குறியுங்கள். ‘முதுமை, தனிமை’ என்று எழுதிவைத்தால் ஒரு வாரம் கழித்து அதிலிருந்து எதுவும் எழாது. ‘பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும் படிப்பதுபோல் பார்க்கிறார், எதிலும் ஏறவில்லை’ என்று எழுதுங்கள். அதில் கதை இருக்கிறது.

2. ஏழு வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று வாக்கியம் எழுதுங்கள்: அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எதற்குள் முடிய வேண்டும். பெரியவர் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது, கேட்க வெட்கம். கடைசி பஸ் ஒன்பதரைக்கு. தடை இல்லையென்றால் கதை மூன்றாம் நாளே படுத்துவிடும்.

3. இரண்டாம் வாரம், நாளொன்றுக்கு 200 சொல். 25 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள், போனை அடுத்த அறையில் விடுங்கள். போனிலேயே தட்டச்சு செய்பவர்கள் இணையத்தை அணைத்துவிடுங்கள்.

200 குறைவு என்று தோன்றலாம். 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘நானோரைமோ’ என்ற நாவல் எழுதும் சவாலின் இலக்கு ஒரே மாதத்தில் 50,000 சொல்லாக இருந்தது, அதாவது நாளைக்கு ஏறத்தாழ 1,667. அது ஆங்கிலக் கணக்கு. ‘வீட்டிலிருந்துதான்’ என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று நான்கு ஆகும். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு நான்காம் நாள் கைவிடுகிறவர்கள் அதிகம். ஏழு நாளில் 1,400 சொல் சேர்ந்தால் ஒரு சிறுகதைக்குப் போதும்.

4. எழுதும்போது ‘அந்த பையனா, அந்தப் பையனா’ என்று நிற்காதீர்கள். ஒற்றுப்பிழையைக் கடைசியில் பார்க்கலாம். ஊர்ப்பெயரோ டிக்கெட் விலையோ தெரியாவிட்டால் ## என்று போட்டுவிட்டுப் போங்கள். தேடப் போனால் அன்றைய 25 நிமிடம் அங்கேயே கரைந்துவிடும்.

5. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்துங்கள், வாக்கியம் பாதியில் இருந்தாலும் சரி. மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக ஓடும். காட்சியை முழுதாக முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெற்றுத்தாள்தான்.

6. நடுவில் சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் கோளாறு அந்த இடத்தில் இருக்காது, அதற்கு முந்திய காட்சியில் இருக்கும். பாத்திரத்துக்கு வேண்டியது சீக்கிரமே கிடைத்துவிட்டதா என்று பாருங்கள். யாரோ ஒருவர் கேட்காமலே வந்து பெரியவரைச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டால் அதற்குமேல் எழுத என்ன இருக்கிறது? அந்த உதவியை வெட்டிவிட்டு அங்கிருந்து மறுபடி எழுதுங்கள்.

7. எழுதி முடித்து மூன்று நாள் தொடாதீர்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வாக்கியத்தைப் பிரியுங்கள். கதைசொல்லி ‘போய்க்கொண்டிருந்தார்’ என்று தொடங்கி இரண்டு பத்தி தள்ளி ‘போயிட்டிருந்தார்’ என்றால் ஏதாவது ஒன்றுக்கு மாற்றுங்கள். உரையாடலில் மட்டும் அவரவர் ஊர்ப்பேச்சு இருக்கட்டும். முதல் பத்தியை மறைத்துவிட்டுப் படித்தும் கதை புரிந்தால் அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள். ##களை நிரப்பி, ஒற்றுகளைச் சரிபார்த்து, அடுத்த நோட்டு வரியை எடுங்கள்.