நூல் விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாதபோது ஆர்டரைத் திட்டமிடுவது எப்படி?

2022 மே மாதம் பஞ்சு விலை கேண்டிக்கு (356 கிலோ) 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. பழைய விலையை நம்பி ஆர்டர் எடுத்திருந்த திருப்பூர் கம்பெனிகள் திணறிப்போயின. நூற்பாலைகள் மாதத் தொடக்கத்தில் விலை சொல்லும். நாமோ பையரிடம் (ஆர்டர் கொடுத்து நம்மிடம் துணி வாங்குபவர்) ஒரு பீஸுக்கு என்ன விலை என்று அதற்கு முன்பே பேசி முடித்திருப்போம். புதிதாக மேனேஜர் ஆகிறவர்கள் பழக வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

படி 1: அடுத்த மாதம் விலை என்ன ஆகும் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு ஏறினால் நம் லாபம் காலி என்று பாருங்கள்.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். 20,000 டி-ஷர்ட் ஆர்டர். சேதாரம் சேர்த்து ஒன்றுக்கு 200 கிராம் என்றால் 4,000 கிலோ நூல். இன்றைய விலை கிலோ 300 ரூபாய் என்று வையுங்கள். பீஸுக்கு 8 ரூபாய் லாபம், மொத்தம் 1,60,000. நூல் கிலோவுக்கு 40 ரூபாய் ஏறினால் கூடுதல் செலவும் அதே 1,60,000. ஆக, 340 ரூபாய்தான் உங்கள் எல்லை.

படி 2: மூன்று நிலைமைகளை எழுதுங்கள். விலை 40 ஏறுகிறது, 20 இறங்குகிறது, பையர் ஆர்டரைப் பாதியாகக் குறைக்கிறார். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் எத்தனையோ ஆர்டர்கள் பாதியில் நின்றன.

படி 3: ஒவ்வொரு முடிவையும் மூன்றிலும் வைத்துப் பாருங்கள். பாதி நூலை, அதாவது 2,000 கிலோவை, இன்றே வாங்கினால்? ஏறினாலும் 80,000 லாபம் நிற்கும். இறங்கினால் மீதியில் 40,000 மிச்சம். ஆர்டர் பாதியானால் கையில் இருப்பது சரியாகப் போதும். நான் பெரும்பாலும் இதையே தேர்ந்தெடுப்பேன்.

படி 4: திரும்பப் பெற முடியாத வேலையைத் தள்ளிப்போடுங்கள். சாயம் ஏறாத நூலை அதே கவுன்ட் (நூலின் பருமன் அளவு) கேட்கும் வேறு ஆர்டருக்குப் போட்டுவிடலாம். சாயம் ஏறிவிட்டால் அது அந்த பையருக்கு மட்டும்தான். எண்ணிக்கையை அவர் எழுத்தில் உறுதி செய்யட்டும், அப்புறம் சாயப்பட்டறைக்கு அனுப்பலாம்.

படி 5: "கிலோ 315 ஆனால் மீதியை அன்றே வாங்குவோம்" என்று தேதி போட்டு எழுதி, முதலாளியிடம் இன்றே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். விலை ஏறும் நாளில் எல்லோரும் பதற்றத்தில் இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது. 315-இல் வாங்கினால் கூடுதல் செலவு 30,000 ரூபாய். 340 வரை பார்த்துக்கொண்டே இருந்தால் 80,000.