உலையில் சிவந்த ஆணியும் உவரி மணலும்: காந்தத்தைப் பாடம் நடத்த ஒரு வழி

அம்பாசமுத்திரத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். "இரும்புக்குள் குட்டிக் காந்தங்கள் இருக்கின்றன, அவை ஒரே திசையில் திரும்பினால் இரும்பு காந்தமாகும்" என்றுதான் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். ஒருநாள் கடைசி பெஞ்சு மாணவி எழுந்து, "அவற்றைத் திரும்பி நிற்கவைப்பது யார் சார்?" என்றாள். உங்கள் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் பிள்ளைகளைக் கொல்லன் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். அரிவாள் அடிக்கும் ஆசாரியிடம் சொல்லி, ஒரு பெரிய ஆணியை உலையில் பழுக்கக் காய்ச்சுங்கள். செம்புக் கம்பியில் கட்டிய காந்தத்தை ஆணியின் நுனிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். தொடவிடாதீர்கள், சூட்டில் காந்தம் கெட்டுவிடும். ஆணி பளபளவென்று சிவந்திருக்கும்வரை காந்தம் அசையாது. செம்மை மங்கி வரும்போது, யாரோ தள்ளியதுபோல் ஆணிப் பக்கம் சாயும். அந்த நொடியில் எல்லாப் பிள்ளைகளும் வாய் திறந்து நிற்பார்கள். இரும்பு தன் காந்தத் தன்மையை இழக்கும் இந்த எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். இரும்புக்கு அது 770 டிகிரி செல்சியஸ், அதாவது சுமார் 1043 கெல்வின்.

இப்போது கரும்பலகைக்கு வாருங்கள். பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்த விசையை மட்டும் கணக்கிட்டால், குட்டிக் காந்தங்கள் ஒரே திசையில் நிற்கும் ஒழுங்கு ஏறக்குறைய 1 கெல்வினிலேயே கலைந்துவிடவேண்டும். இரும்போ 1043 வரை தாங்குகிறது. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! ஆகவே அணுக்களை ஒரே திசையில் பிடித்து வைத்திருப்பது காந்த விசையே அல்ல. இதை அவசரப்படாமல் சொல்லுங்கள். பிள்ளைகள் நம்பச் சற்று நேரம் ஆகும்.

விடையை 1928இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் காட்டினார். எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்றொரு பண்பு உண்டு, அதுதான் அதைக் குட்டிக் காந்தமாக்குகிறது. பம்பரத்தை உவமை சொல்லாதீர்கள். எலக்ட்ரான் எதையும் சுற்றிக் காட்டுவதில்லை, அது பிறவிக்குணம். ஒரே தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் சேரக்கூடாது என்பது பௌலியின் விதி. அதனால் அவை தாமாகவே விலகி நிற்கின்றன. விலகி நிற்பதால் அவற்றுக்கிடையே மின்விலக்கு ஆற்றல் குறைகிறது. இரும்பில் இந்த லாபமே மேலோங்குவதால் தற்சுழற்சிகள் ஒரே திசையில் நிற்கின்றன. பிடித்து வைத்திருப்பது மின்விசை. அதற்கு வழி வகுப்பது குவாண்டம் விதி. இதற்குப் பரிமாற்று இடைவினை என்று பெயர். செம்பில் இந்த லாபம் போதாது, அதனால் அது காந்தமாவதில்லை.

எல்லாப் பொருளிலும் ஒரே திசைதான் என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். உவரிக் கடற்கரையின் கருமணலில் ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் பரப்பி, அடியில் காந்தத்தை ஓட்டுங்கள். சில மணிகள் முள்போல் எழுந்து நிற்கும், அவை மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு கனிமம். அதன் ஒவ்வொரு மூலக்கூற்று அலகிலும் மூன்று இரும்பு அயனிகள். அவற்றில் இரண்டுக்குத் தலா 5 இணையற்ற (எதிர்ச் சுழற்சித் துணை இல்லாத) எலக்ட்ரான்கள், மூன்றாவதற்கு 4. இடையே உள்ள ஆக்சிஜன் வழியாக நடக்கும் பரிமாற்றத்தால் இரண்டு ஐந்துகளும் எதிரெதிராகத் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது 4. தாளில் எழுந்து நிற்கும் அந்த மணியைத் தூக்குவது அந்த நான்குதான்.