இல்லாத பாரம்பரியத்தை உருவாக்குவது எப்படி? (ஒரு தூக்குவாளி போதும்)

பைபாஸுக்கு இந்தப் பக்கம் எங்கள் கல்லூரி, அந்தப் பக்கம் அவர்கள் கல்லூரி. வருடா வருடம் வாலிபால் மேட்ச் உண்டு. பார்க்க வருவது பதினைந்து பேர், அதிலும் நாலு பேர் செருப்புக்கும் பைக்கும் காவல். நான் விளையாட்டுச் செயலராக இருந்தபோது இதை மாற்றலாம் என்று ஒரு ‘பாரம்பரியத்தை’ உண்டாக்கினேன். முதல் முயற்சி மண்ணைக் கவ்வியது, இரண்டாவது இன்றும் ஓடுகிறது. வேறு கல்லூரித் தம்பிகள் சிலர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். மேட்ச் நடத்துவது, அனுமதி வாங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. சரியான எதிரி

பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வப்போது ஜெயிக்கவும் தோற்கவும் வேண்டும். பத்து வருடமாக ஒரே அணி ஜெயித்துக்கொண்டிருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

2. பொருள்

ஷீல்டு கடைப் பக்கம் போகாதீர்கள். அக்ரிலிக் கப்பு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், அடுத்த வருடம் அலமாரியில் எது எதென்று தெரியாது. மலிவாக, கொஞ்சம் அசிங்கமாக, ஏதாவது வேலைக்கு ஆகிற பொருளாக இருக்கட்டும்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்) மிச்சிகன், மினசோட்டா பல்கலைக்கழக அணிகள் இன்றும் மோதிக்கொள்வது ஒரு தண்ணீர் ஜாடிக்காக. 1903-ல் ஆட்டம் 6–6 என்று முடிந்ததும், 30 சென்ட்டுக்கு வாங்கிய ஜாடியை மிச்சிகன்காரர்கள் மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் அதன் பூர்வீகம்.

நான் பாத்திரக்கடையில் மூன்று லிட்டர் எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினேன். பித்தளை வேண்டவே வேண்டாம், யாராவது எடைக்குப் போட்டுவிடுவார்கள். கடையிலேயே பேர் வெட்டித் தருவார்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரே கழுவலில் போய்விடும், வெட்டின எழுத்துதான் நிற்கும்.

3. எதிரணியையும் கூட்டுச் சேருங்கள் (நான் விழுந்த இடம்)

முதல் வருடம் நானே யோசித்து, நானே பேர் வைத்து, ‘நெடுஞ்சாலைக் கேடயம்’ என்று ஒரு மர ஷீல்டு செய்தேன். எதிரணிக்குச் சொன்னது மேட்ச் அன்று காலையில்தான். அவர்கள் ஜெயித்தார்கள். அவர்களுடைய கேப்டன் கை கொடுத்தான், சான்றிதழை வாங்கினான், பஸ் ஏறிவிட்டான். ஷீல்டு மேசையிலேயே கிடந்தது. மைக்செட்காரர் வயரைச் சுற்றிக்கொண்டே, “தம்பி, இது யாரோடது? எடுத்துட்டுப் போங்க”ன்னார். அன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்த தூரம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் படித்துப் பார்த்தால், இதே கூத்து பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. அதே அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், 2015-ல் கனெக்டிகட் அணியின் பயிற்சியாளர் பாப் டியாகோ, சென்ட்ரல் ஃப்ளோரிடாவோடு தங்களுக்குப் பெரிய பகை இருப்பதாக அவராகவே அறிவித்து ஒரு கோப்பையும் செய்துவைத்தார். 2016-ல் சென்ட்ரல் ஃப்ளோரிடா ஜெயித்தது. கோப்பையை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று: 2014-ல் நெப்ராஸ்கா பயிற்சியாளர் பேரில் கிண்டலுக்காக நடந்த ஒரு ட்விட்டர் கணக்கும், மினசோட்டா அணிச் சின்னமான அணில் ஜாதிப் பிராணியின் கணக்கும் வம்பளந்துகொண்டன. பேச்சு வளர்ந்து, ஐந்து டாலர் நோட்டும் உடைந்த நாற்காலித் துண்டுகளும் சேர்ந்த ஒரு கோப்பையே வந்துவிட்டது. அந்த வருடம் மினசோட்டா 28–24 என்று ஜெயித்தது. பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கவில்லை. ரசிகர்கள் விடவில்லை, அதன் பேரில் குழந்தைகள் மருத்துவத்துக்கு நிதி திரட்டும் அளவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நக்கலில் இரண்டு பக்கத்துக்கும் பங்கு இருந்தது, என் ஷீல்டில் இல்லாதது அதுதான்.

அதனால் இரண்டாவது வருடம் மேட்சுக்கு ஒரு மாதம் முன்பே பைபாஸ் டீக்கடையில் அவர்களுடைய கேப்டனைப் பிடித்தேன். தூக்குவாளியை மேசைமேல் வைத்து, “தோத்த டீம் இதுல டீ வாங்கித் தரணும்”னு மட்டும் சொன்னேன். அவன் மூடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஜெயிச்சவன் வாளியைக் கொண்டுபோகட்டும். தோத்தவன் மூடியைக் கொண்டுபோகட்டும். வருஷம் பூரா மூடியைப் பார்த்துக்கிட்டே இருக்கணும்”னான். நான் பத்து நாள் உட்கார்ந்திருந்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது.

இப்போது அந்த மேட்சுக்குப் பேரே ‘மூடி மேட்ச்’. பஸ்ஸில் பார்த்தால் “மூடி யார்கிட்ட?” என்பதுதான் முதல் கேள்வி.

4. தோற்றவனுக்கு வேலை

கோப்பை ஜெயித்தவனுக்கு. பாரம்பரியம் தோற்றவன் கையில் இருக்கிறது. மேட்ச் அன்று வாளியும் மூடியும் சேரும், தோற்ற அணி டீ வாங்கி மூடிபோட்டுக் கொண்டுவந்து ஊற்றும், பிறகு இரண்டும் பிரியும். மூன்று லிட்டருக்குச் சுமார் முப்பது டீ வரும், இரண்டு அணிக்கும் நடுவருக்கும் தாராளம்.

5. பொய் வரலாறு

அந்த முதல் ஷீல்டில் ‘1978 முதல்’ என்று வேறு பொறித்திருந்தேன். பழசு மாதிரி இருக்கட்டுமே என்றுதான். ஓய்வுபெற்ற பி.டி. சார் ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்து, “தம்பி, 78-ல இங்க கோர்ட்டே கிடையாது. சோளக்காடு”ன்னார். பக்கத்தில் இருந்தவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் என் விதி: பாத்திரத்தில் வெட்டுவது உண்மையான வருடமும் செட் கணக்கும் மட்டும். கதை விடுவதை வாய்க்கு விட்டுவிடுங்கள், அது தானாகவே வளரும். மிச்சிகன் ஜாடிக்கே அப்படி ஒன்று உண்டு: ‘ஜாடி வேண்டுமா, வந்து ஜெயித்து வாங்கிக்கொள்’ என்று மினசோட்டா கடிதம் போட்டதாம். போன வருடம் முதலாமாண்டுப் பையன் ஒருவன், வாளியில் இருக்கிற ஒடுக்கு ஒரு பழைய சண்டையில் விழுந்தது என்று எனக்கே விளக்கினான். அது நான் ஷேர் ஆட்டோவில் இருந்து இறங்கும்போது கீழே போட்டது. திருத்தவில்லை.

6. யார் வைத்திருப்பது

பி.டி. அறையில் பூட்டி வையுங்கள், ஒரு நோட்டில் இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போடட்டும். ஹாஸ்டல் அறையில் வைத்தால் ஒரே மாதத்தில் துணி ஊறவைக்கிற வாளியாகிவிடும் (எங்களுக்கு ஆனது).

பின்சேர்க்கை: இதைப் படித்த இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். டீக்காசை முதலாமாண்டு மாணவர்கள் தலையில் கட்டுகிறார்களாம். அது பாரம்பரியம் இல்லை, ராகிங். தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. எங்கள் நோட்டின் முதல் பக்கத்திலேயே ‘டீ கேப்டன் செலவு’ என்று எழுதிவிட்டோம், நீங்களும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: வாளியைத் திருடிக்கொண்டு வரலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் அணிக்குக் கோஷம் போடும்போது தூக்கிக் காட்டிய கோடரியை 1899-ல் எதிரணியான பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் அபகரித்துக்கொண்டு போய், வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்தார்கள். 1930-ல்தான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் மீட்டார்கள், 1933 முதல் இரண்டு பேரும் மோதும் ஃபுட்பால் ஆட்டத்தில் அதுவே ஜெயித்தவர்களுக்கான பரிசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் செய்தால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மூடியை வேண்டுமானால் ஒளித்து வையுங்கள், மேட்ச் அன்று காலை ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.