நகர மன்றத்திடம் வேலை வாங்குவது எப்படி?

சிங்கப்பூரில் மின்தூக்கி நின்றுபோனால் வீவகவை (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை) அழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுக்குமாடி புளோக்கைக் கட்டியது வீவகதான். ஆனால் 1988ல் நகர மன்றச் சட்டம் வந்தபின் பொது இடங்களைப் பராமரிப்பது நகர மன்றத்தின் பொறுப்பு. மன்றத்தை நடத்துபவர்கள் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவர்களோடு நியமன உறுப்பினர்களும் உண்டு. நியமன உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினராவது அந்த நகரின் வீவக வீடுகளில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும்.

புகார் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம், அது தவறான கதவைத் தட்டியதுதான். மின்தூக்கி, நடைவழி விளக்கு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, குப்பைக் குழாய் அடைப்பு, புளோக்கின் அடியிலுள்ள திறந்த கீழ்த்தளம் ஆகியவை நகர மன்றத்தைச் சேர்ந்தவை. குளியலறைக் கூரையில் கசிவு என்றால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டும். ஒத்துவராவிட்டால் வீவகவிடம் போகலாம். கொசு இனப்பெருக்கத்துக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம், சாலையோர மரத்துக்குத் தேசியப் பூங்காக் கழகம், சாலைக்கு நிலப் போக்குவரத்து ஆணையம். யாருடையது என்று பிடிபடாவிட்டால் ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு போடுங்கள்; உரிய அமைப்புக்கு அதுவே அனுப்பிவிடும்.

எழுதும்போது இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். "எங்க புளோக்கில் விளக்கு எரியல" என்றால் ஊழியர் மாடி மாடியாகத் தேட வேண்டியிருக்கும். புளோக் எண், மாடி, எந்த வீட்டு வாசலுக்கு எதிரே, எப்போதிலிருந்து: இந்த நான்கும் வேண்டும். மின்தூக்கி என்றால் ஏ-யா பி-யா என்பதும் முக்கியம். மின்தூக்கிக்குள் யாராவது மாட்டிக்கொண்டாலோ புளோக்கில் தண்ணீர் வராமல் நின்றுபோனாலோ செயலியில் எழுதிக் காத்திருக்காதீர்கள். 24 மணி நேர அவசரப் பராமரிப்பு எண்ணை அழையுங்கள்; அது புளோக் அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

இதற்கெல்லாம் பணம் மாதாமாதம் நாம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலிருந்தும் அரசாங்க மானியத்திலிருந்தும் வருகிறது. கட்டணத்தில் குறைந்தது 26 விழுக்காடு சாயம் பூசுதல் போன்ற பெரிய சுழற்சிப் பணிகளுக்கான நிதியிலும், 14 விழுக்காடு மின்தூக்கி மாற்று நிதியிலும் சேர வேண்டும். மின்தூக்கி மாற்று நிதி 2017ல் வந்தது. மிஞ்சியதில்தான் துப்புரவும் மின்கட்டணமும் நடக்கும். கட்டணம் நிலுவையில் விழுந்தால் தாமதக் கட்டணம் ஏறும். நீண்டால் நீதிமன்றம்வரை போகும். கையில் பணம் இல்லாத மாதம் கடிதம் வரும்வரை ஒதுங்கியிருக்காதீர்கள். முன்கூட்டியே அலுவலகத்தில் பேசித் தவணை கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்யாணத்துக்கோ இறுதிச் சடங்குக்கோ கீழ்த்தளம் வேண்டுமா? மன்றத்தின் அனுமதி கட்டாயம். கல்யாணத் தேதி முடிவானதும் விண்ணப்பித்துவிடுங்கள். அதே இடத்தை வேறொருவர் முன்பதிவு செய்திருக்கலாம். தற்காலிக மின் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே கொடுக்க வேண்டும். சமையல் எண்ணெய்க் கறையும் தூணில் ஒட்டிய பசையும் வைப்புத்தொகையைக் கரைத்துவிடும், கவனம்.

பதிலே வராவிட்டால் முதலில் புகார் எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். புகார் எண், தேதிகள், படங்கள் மூன்றையும் ஒரே தாளில் கொண்டுபோனால் அங்குள்ள தொண்டூழியர் அன்றைக்கே கடிதம் தயாரிக்க முடியும்.